பேரிலேயே புது ஊர்

2009 ஜூன் மாதம். மயிலாடுதுறையிலிருந்து மைசூர் போகும் ரயிலில் கும்பகோணத்தில் ஏறி, இருட்டு விலகும் முன்பே ஓசூரில் இறங்கினோம். கல்யாணமாகி இருபது நாள். என் கையில் ஒரு குத்துவிளக்கு, அவர் கையில் அட்டைப்பெட்டிக்குள் ஒரு டேபிள் ஃபேன், அப்பா வாங்கிக் கொடுத்தது. பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே பல் கிட்டியது. ஜூன் மாதத்தில்! வெளியே நின்ற ஆட்டோக்காரர் பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது எதுக்கும்மா இங்கே?" என்றார்.

அந்த ஃபேன் பெட்டியை விட்டு வெளியே வர நான்கு வருஷம் ஆனது. இப்போது எங்கள் வீட்டில் மூன்று சீலிங் ஃபேன், எதிர் வீட்டில் ஏசி. இத்தனை வருஷத்தில் ஓசூரில் என்ன மாறியது என்று யாராவது கேட்டால் முதலில் இந்த ஃபேன் கணக்கைத்தான் சொல்வேன்.

கேட்பவர்களும் நிறைய. மாதம் ஒருமுறையாவது ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு போன். "சித்தி, ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கு. ஊர் எப்படி? வீடு எங்கே பார்க்கலாம்? இடம் வாங்கிப் போடலாமா?" போனில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புது ஊர். பெயரே அப்படி என்பதாலோ என்னவோ, இந்த ஊர் எப்போதும் பாதி கட்டிய வீடு மாதிரியே இருக்கிறது. 1970களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, அதன் பின்னால் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள், அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்னப் பட்டறைகள். 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் சுமார் 1.17 லட்சம் பேர். 2019 பிப்ரவரியில் நாகர்கோவிலோடு சேர்த்து ஓசூரையும் மாநகராட்சி ஆக்கினார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் ஏற்கனவே ஊருக்குள் வந்துவிட்டிருந்தன. பெங்களூர் 40 கிலோமீட்டர், மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர். எங்களுக்கு எது பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரம் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போனேன். தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏமி காவாலம்மா?" என்றார். தெலுங்கு என்று மட்டும் தெரிந்தது. தக்காளியைக் காட்டி எவ்வளவு என்றேன். "இரவை" என்றார். "ரவை வேண்டாம்மா, தக்காளிதான் வேணும்" என்றேன். பக்கத்துக் கடைக்காரர் வரை சிரித்தார்கள். இரவை என்றால் தெலுங்கில் இருபது. அன்று ராத்திரியே என் கணவரை உட்காரவைத்து பதி, இரவை, முப்பை என்று நூறு வரை மனப்பாடம் செய்தேன். இங்கே வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், பிரியாணிக் கடையில் உருது என்று ஒரே ஆள் ஒரே நாளில் நான்கு பாஷை பேசுவது சாதாரணம். தமிழ் மட்டும் தெரிந்தாலும் காலம் ஓடும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் தெலுங்கில் விலை கேட்டால் கொத்தமல்லி ஒரு கட்டு கூட விழும். இது நான் பலமுறை சோதித்துப் பார்த்த உண்மை.

எங்கள் முதல் வாடகை வீடு மத்திகிரி போகும் வழியில். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மாடியில் நாங்கள். வீட்டுக்காரரின் அம்மாவை எல்லோரும் அவ்வா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. அவ்வாவுக்கு அப்போதே எழுபது தாண்டியிருக்கும். இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது. புது லேஅவுட்களின் பெயர் அவர் வாயில் நுழையாது. கார்டன், சிட்டி, என்கிளேவ் என்று போர்டு இருந்தால், "அது நம்ம ராகிச் சேனு", "அது புளியந்தோப்பு" என்று பழைய அடையாளத்தைத்தான் சொல்வார். அந்த அகராதி பிறகு எங்களுக்கு லட்சக்கணக்கில் பணத்தை மிச்சப்படுத்தியது. அதற்கு வருகிறேன்.

வாடகை விஷயத்தில் இந்த ஊர் பெங்களூரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்பார்கள். பேசினால் ஐந்துக்கு இறங்குவார்கள், பேசாதவர்கள் பத்தையும் கொடுப்பார்கள். அப்புறம் 'லீஸ்' என்று ஒன்று உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் போக்கியம் என்போமே, அதேதான். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். கேட்க இனிப்பாக இருக்கும். என்னோடு வேலை பார்த்த பெண் அப்படித்தான் ஒரு வீட்டுக்குப் போனாள். ஒரு வருஷத்தில் வாசல் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டுக்காரர் அந்த வீட்டின் பேரில் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டிருந்தார். வீடு ஏலத்துக்குப் போனது, அவள் பணம் இன்றுவரை முழுதாக வரவில்லை. லீசுக்குப் போவதென்றால் இடம் வாங்குகிற மாதிரியே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரத்தை வங்கியில் வைத்திருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 'நமக்குள்ள எதுக்கும்மா ரிஜிஸ்டர்' என்று சொல்கிற வீட்டுக்காரரிடம் லீசுக்குப் போகவே வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் ஓசூரைப் பற்றிப் பேச முடியாது. நான் அரசலாற்றங்கரைக்காரி. எங்கள் வீட்டுக் கொல்லையில் கைப்பம்பை நாலு அடி அடித்தால் தண்ணீர் வரும். இங்கே முதல்முறையாக 'ஆயிரம் அடி போர்' என்று கேட்டபோது மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு எங்கள் தெருவிலேயே 1,100 அடி வரை இறக்கிவிட்டு வெறும் கல்தூளோடு திரும்பிப்போன லாரியைப் பார்த்தேன். ஆழத்து நீரில் ஃப்ளோரைடு வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லும் எலும்பும் கெட்டுப்போனவர்கள் நிறையப் பேர். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள். எங்கள் குழாயில் அந்தத் தண்ணீர் முதல்முறை வந்த அன்று நான் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். பிறந்த வீட்டில் குடித்த அதே காவிரி, நமக்கு மேலே ஒகேனக்கலிலேயே பிடித்து இங்கே அனுப்புகிறார்கள் என்றேன். அம்மாவுக்குப் பெருமையா வருத்தமா தெரியவில்லை, "அப்ப எங்களுக்கு மிச்சம்?" என்றாள்.

காவிரி தினமும் வராது. வருகிற நாளில் பிடித்து வைக்கத் தொட்டி வேண்டும். வீடு பார்க்கும்போது ஹால் எவ்வளவு பெரிசு என்று பார்க்காதீர்கள், தரைத்தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். போர் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, போன ஏப்ரலில் டேங்கர் கூப்பிட்டார்களா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். மாதத்தில் நான்கு டேங்கர் அடித்தால் வாடகை மலிவு என்பதில் அர்த்தமே இல்லை.

இப்போது அந்த அகராதிக் கதை. 2014இல் கொஞ்சம் பணம் சேர்ந்தது. இங்கே மனை, பிளாட் என்று யாரும் சொல்வதில்லை, 'சைட்டு'தான். முப்பதுக்கு நாற்பது சைட்டு என்றால் 1,200 சதுர அடி. ஒரு புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போனார். சிவப்பு மண்ணில் வெள்ளைக் கல் நட்டு, நாலு தென்னங்கன்று வைத்து, வாசலில் வளைவு. "இன்னும் ரெண்டே வருஷம் சார், இந்தப் பக்கம்தான் ரிங் ரோடு வருது" என்றார். விலை மற்ற இடத்தைவிடக் குறைவு. என் கணவருக்கு அங்கேயே முன்பணம் கொடுத்துவிட ஆசை. நான் ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு வந்து அவ்வாவிடம் இடத்தின் பேரைச் சொன்னேன். போர்டில் இருந்த பேர் அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஒரு முனியப்பன் கல், அதற்கு எதிரே என்றேன். அவ்வா வெற்றிலையை மடித்தபடியே, "அக்கடயா? அது ஏரிக்குத் தண்ணி போற வழி. மழை வந்தா கப்பதான் குடியிருக்கும்" என்றார். கப்ப என்றால் தவளை.

வாங்கவில்லை. அந்த இடத்துக்கு டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரமும் கிடையாது என்பது பிறகு தெரிந்தது. 2016இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டபோது தமிழ்நாடு முழுவதும் பலருடைய பணம் முடங்கியது. 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று பின்னால் வழி விட்டார்கள். அந்த லேஅவுட்டில் வாங்கியவர்களும் பணம் கட்டி வரன்முறைப்படுத்தியிருக்கலாம். ஆனால் தவளைக்கு அந்த உத்தரவு தெரியாதே. ஒரு ஐப்பசி மழையில் அந்த வழியாகப் போனோம். வாசல் வளைவு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. அவர் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்டார்ட் செய்தார்.

அதிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம், டிடிசிபி எண், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எல்லாம் பாருங்கள், அது கட்டாயம். கூடவே கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகை என்று பாருங்கள், நில அளவை வரைபடமான புலப்படத்தில் ஓடை போகிறதா என்று பாருங்கள். அப்புறம் மழை பெய்கிற அன்று ஒருமுறை நேரில் போங்கள். அங்கே ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருப்பார், அவரிடம் இந்த இடத்துக்கு முன்பு என்ன பேர் என்று கேளுங்கள். ஏரி, குட்டை, காலுவ, ஓடை என்று முடிகிற பேராக இருந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

புரோக்கர் சொன்ன ரிங் ரோடு மாதிரி ஒன்று எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். இந்த ஊரில் இருக்கிற ஊர் ஒன்று, வரப்போகிற ஊர் ஒன்று. நாம் குடியிருப்பது முதலாவதில், விலை கொடுப்பது இரண்டாவதற்கு. 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் பயணிக்கும் வசதியோடு விமான நிலையம் என்று அறிவித்தார். அந்த வாரமே எனக்கு எட்டு போன். அதில் இரண்டு பேர் விமானத்தில் ஏறியதே இல்லை, எல்லோரும் கேட்டது சைட்டு விலை. பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில் 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் வேறு விமான நிலையம் வருவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பது புரோக்கர்கள் சொல்லாத பகுதி. வரட்டும், வந்தால் எனக்கும் சந்தோஷம். அதை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கி இடம் வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. 2025 ஆகஸ்ட்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்தது. அது கண்ணால் பார்த்தது, கணக்கில் சேர்க்கலாம். எங்கள் தெருவில் பெங்களூர் நகரத்துக்குள் வேலைக்குப் போகிற பையன் பொம்மசந்திரா வரை பைக்கில் போய், அங்கிருந்து ரயிலேறுகிறான். சில்க் போர்டு சிக்னலில் கழிந்த வாலிபத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது என்கிறான்.

எல்லையில் வாழ்வதில் இன்னொன்று இருக்கிறது. சாதாரண நாளில் கோடு எங்கே என்றே தெரியாது. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, போர்டின் எழுத்துதான் மாறும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்த வாரம் நான் பையனின் கண் பரிசோதனைக்காகப் பெங்களூரில் இருந்தேன். அவனுக்கு நான்கு வயது. தமிழ்நாட்டு பஸ் எல்லாம் நின்றுவிட்டன. ஒரு ஆட்டோக்காரர், கன்னடக்காரர், எங்களை அத்திப்பள்ளிவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் "ஹெதரபேடி அம்மா, ஹெதரபேடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயப்படாதீர்கள் என்று அர்த்தம். அங்கிருந்து நடை. எனக்கு முன்னும் பின்னும் பெட்டியும் பையுமாகக் கூட்டம், இடுப்பில் பையன், கண்ணில் விட்ட மருந்தால் அவனுக்கு வெளிச்சம் கூசியது. எல்லைக்கு இந்தப் பக்கம் நம்ம ஊர் பஸ்கள் வரிசையாக நின்றன. ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது.

2020இல் கொரோனா வந்தபோது அதே இடத்தில் தடுப்பு, இ-பாஸ். பெங்களூரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவருக்காக எங்கள் தெருவே போனில் அலைந்தது. அதனால் தொடர்ந்து பார்க்க வேண்டிய வைத்தியத்துக்கு இந்தப் பக்கமும் ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள். மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்குங்கள். நான் வந்த புதிதில் பெரிய வியாதி என்றால் பெங்களூர்தான் கதி, இப்போது இங்கேயே ஓரளவு எல்லாம் இருக்கிறது. பள்ளிகளும் அப்படித்தான், நிறைய வந்துவிட்டன, அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

நான் பார்ப்பது மூக்கண்டப்பள்ளியில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் கணக்கு வேலை. பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து தருகிற கம்பெனிக்கு, அதில் பெயின்ட் வேலை மட்டும் செய்து தருகிறவர்கள் நாங்கள். ஏணியில் கடைசிப் படி. வண்டி விற்பனை குறைந்தால் டிவியில் சொல்வதற்கு முன்னால் எங்களுக்குத் தெரியும், டெலிவரி சலான் புத்தகம் தீர்வது நின்றுவிடும். 2019இல் நாடு முழுவதும் வண்டி விற்பனை விழுந்தபோது மாதம் 26 நாள் ஓடிய லைன் 15 நாள்தான் ஓடியது. எங்கள் கேட்டுக்கு எதிரே டீ விற்கிற அண்ணன் அந்த மாதம் பால் வாங்குவதைப் பாதியாக்கினார். சிப்காட்டை நம்பி முடிவெட்டுகிறவர், மெஸ் நடத்துகிறவர், பைக் பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஜுரம் வந்த மாதிரி இருந்தது. கணவன் மனைவி இரண்டு பேருமே வண்டிப் பாகத் தொழிலில் இருந்தால், ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வையுங்கள். முடிந்தால் ஒருவராவது வேறு தொழிலுக்குப் போங்கள். நாங்கள் இன்னும் போகவில்லை, சொல்வது மட்டும்தான்.

எங்கள் பட்டறையில் சானமாவு பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையன். கார்த்திகை பிறந்தால் திடீர் திடீரென்று லீவு போடுவான். "ஆனை வந்திருக்கு மேடம்" என்பான். நான் முதல் வருஷம் சம்பளத்தில் பிடித்துவிட்டேன், சாக்கு சொல்ல வேறு மிருகமே கிடைக்கவில்லையா என்று. அடுத்த நாள் செல்போனில் வீடியோ காட்டினான். ராகி வயலில் கறுப்பாகப் பாறைகள் நகர்கிற மாதிரி, எண்ணினால் இருபதுக்கு மேல். ராகி முற்றுகிற காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டம் ஆண்டுதோறும் வரும், சானமாவுக் காட்டில் தங்கும், ராத்திரி வயலில் இறங்கும். அவன் அப்பாவும் தெருக்காரர்களும் பட்டாசு வைத்துக்கொண்டு விடிய விடிய முழித்திருக்கிறார்கள். பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இராயக்கோட்டை ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு பக்கம் வாடகை மலிவு என்று போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக டூவீலரில் வர வேண்டாம், வனத்துறை ஒலிபெருக்கியில் சொன்னால் கேட்டு நடங்கள்.

சொந்தக்காரர்கள் வந்தால் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில், ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ரோஜாத் தோட்டம் என்று சுற்றிக்காட்டுவோம். ஜனவரி கடைசியில் வந்தால் நல்லது, காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜாவைப் பெட்டி பெட்டியாக அடுக்குவதைப் பார்க்கலாம். கெலவரப்பள்ளி அணைக்கும் முன்பெல்லாம் கூட்டிப்போவேன், இப்போது போவதில்லை. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூர் ஓரமாக வருகிறது, அந்த ஊர்க் கழிவெல்லாம் அதில்தான். ஒரு மழைக்காலத்தில் மதகு திறந்திருந்தபோது போனோம். ஆற்றுக்கு மேலே ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை, காற்றடித்தால் பஞ்சு மாதிரி பிய்ந்து பறந்து ரோட்டில் விழுந்தது. பையன் கையில் பிடிக்க ஓடினான். கிட்டே போனதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். 'ரிவர் வியூ' என்று சைட்டு விளம்பரம் பார்த்தால் எனக்கு அந்த வாடைதான் ஞாபகம் வரும்.

2017இல் வீடு கட்டினோம், மேட்டுப்பாங்கான இடத்தில், அவ்வா பேர் சொல்லி ஒப்புக்கொண்ட 'கொள்ளுக்காட்டில்'. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இப்போது இருப்பது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி. அவளுக்கு இருபத்திரண்டு வயது, தமிழ் சுத்தமாக வராது, எனக்கு ஹிந்தி அரைகுறை. அட்வான்ஸ் மூன்று மாதம் மட்டும் வாங்கினேன். தண்ணீர் வருகிற நாள் எது, மோட்டார் எப்போது போடுவது, தரைத்தொட்டியை எங்கே எட்டிப் பார்ப்பது எல்லாம் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

மார்கழி வந்தால் இங்கே மொச்சைக்காய் சீசன். மொச்சையை உரித்து ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் தங்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். அந்தப் பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக்களியும் சாப்பிடாமல் ஒரு குளிர்காலம் போகாது. வருஷம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு அவ்வா வீட்டுக்குப் போய்விடுவேன். போன மார்கழியில் மாடிப் பெண்ணையும் கூட்டிப்போனேன். ஸ்வெட்டருக்கு மேல் என்னுடைய பழைய சால்வையையும் போர்த்திக்கொண்டு வெயில்படுகிற படியில் உட்கார்ந்தாள். நான் பிதுக்குவதை இரண்டு முறை பார்த்துவிட்டு அவளும் ஒன்றை எடுத்து அழுத்தினாள். பருப்பு பாத்திரத்தில் விழாமல் நேராகப் பறந்துபோய் அவ்வாவின் கண்ணாடியில் பட்டது. அவ்வா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தெலுங்கில் என்னவோ சொன்னார். புது மருமகளைப் பற்றிய பழைய கேலி அது. அவ்வாவின் மருமகளும் நானும் சிரித்து முடிக்க நேரமானது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். அதை ஹிந்தியில் சொல்கிற அளவுக்கு என் ஹிந்தி போதாது, போதுமானதாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இன்னொரு கைப்பிடி மொச்சையை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.